‘வீட்ல நல்லா ஓடுச்சு சார்!’ - பள்ளி ரோபோ பந்தயத்தில் உண்மையில் ஓடுவது யார்?

பள்ளி மாணவர்களின் ரோபோ பந்தயம் நடக்கும் எந்த அரங்குக்குப் போனாலும் ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது. “வீட்ல நல்லா ஓடுச்சு சார்!”

சொல்வது ஏழாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கலாம், பதினொன்றாம் வகுப்பாக இருக்கலாம். கையில் உள்ளங்கை அளவு வண்டி. இரண்டு சக்கரம், ஒரு சர்க்யூட் போர்டு, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பேட்டரி. நேற்று ராத்திரி வரை வீட்டு ஹாலில் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக வளைந்து வளைந்து போன அதே வண்டி, இன்று முதல் வளைவிலேயே கோட்டை விட்டுவிட்டு நேராக நடுவரின் காலடியில் போய் முட்டி நிற்கிறது.

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். “என் மெஷின்ல ஓடுதே” என்று ரிலீஸ் அன்று அவர்கள் சொல்லும் அதே சமாதானம்தான். வித்தியாசம் ஒன்றுதான்: அந்தப் பிள்ளைக்கு வயது 12. எதிரே ஸ்டாப்வாட்ச்சோடு நடுவர், சுற்றி நூறு பேர், அடுத்த முயற்சிக்குச் சில நிமிடங்கள்.

அந்தச் சில நிமிடங்களில் அந்த வண்டியை யார் சரி செய்கிறார்கள்? பள்ளி ரோபோ போட்டிகள் பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கோப்பை யாருக்கு என்பதெல்லாம் அப்புறம்.

கோட்டை எப்படிப் பிடிக்கிறது?

பள்ளி அளவில் அதிகம் நடப்பது ‘லைன் ஃபாலோவர்’ பந்தயம். வெள்ளைத் தரையில் கறுப்புக் கோடு. அதைப் பின்தொடர்ந்து, ரிமோட் இல்லாமல், யார் தொடாமலும், குறைந்த நேரத்தில் சுற்றி முடிக்கும் வண்டி ஜெயிக்கும்.

வண்டிக்குக் கண் கிடையாது. முன்பக்கம் அடியில், தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்தில், அகச்சிவப்பு ஒளியை அனுப்பும் சின்ன எல்.இ.டி.க்களும் திரும்பி வரும் ஒளியை அளக்கும் சென்சார்களும் வரிசையாக இருக்கும். வெள்ளைத் தரை அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்புக் கோடு விழுங்கிவிடும். எந்த சென்சாருக்கு ஒளி திரும்பவில்லையோ, அதன் கீழே கோடு இருக்கிறது. அவ்வளவுதான் தகவல். மற்றதெல்லாம் பிள்ளை எழுதும் புரோகிராம்.

முதல் தடவை எழுதும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்: கோடு இடது பக்கம் இருந்தால் இடப்பக்கம் திரும்பு, வலது பக்கம் இருந்தால் வலப்பக்கம் திரும்பு. வண்டி ஓடும். ஆனால் புதிதாக சைக்கிள் ஓட்டுகிறவர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடித்தான் ஓடும். வேகத்தைக் கூட்டினால் ஆட்டமும் கூடும், ஒரு வளைவில் கோடே கை நழுவிவிடும்.

அடுத்த கட்டம், கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அந்த அளவுக்குத் திருப்பு என்பது. கொஞ்சம் விலகினால் கொஞ்சம், நிறைய விலகினால் நிறைய. ஆட்டம் குறையும், முழுதாக நிற்காது. அதற்கடுத்து, எவ்வளவு வேகமாக விலகிக்கொண்டிருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோட்டை நோக்கி வேகமாக வந்துகொண்டிருக்கிறதா? அப்படியானால் கோட்டைத் தாண்டும் முன்பே திருப்பத்தைக் குறை. ஹேண்டில் லேசாகக் கோணிய பைக் எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும் இல்லையா, அது மாதிரி வண்டி தொடர்ந்து ஒரே பக்கம் ஒதுங்கினால், சேர்ந்துகொண்டே போகும் அந்தப் பிழையையும் கூட்டி ஈடு செய்ய வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ‘பி.ஐ.டி.’ கட்டுப்பாடு.

இதற்கு நூறு வருஷக் கதை உண்டு. நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர், கப்பலில் சுக்கான் பிடிக்கிறவர்கள் எப்படித் திசை மாறாமல் ஓட்டுகிறார்கள் என்பதைக் கவனித்து, அதைக் கணக்காக்கி 1922-இல் வெளியிட்டார். அனுபவசாலி மாலுமி இப்போதைய விலகலை மட்டும் பார்ப்பதில்லை. இதுவரை நடந்ததையும், விலகல் மாறும் வேகத்தையும் சேர்த்தே பார்க்கிறார். இன்று தொழிற்சாலை உலைகளிலிருந்து டிரோன் வரை ஓடுவது இந்தக் கணக்கில்தான். வகையீடு, தொகையீடு என்ற பெயர்களைப் பிளஸ் ஒன் புத்தகத்தில் பார்ப்பதற்கு மூன்று வருஷம் முன்பே, அவை என்ன வேலை செய்கின்றன என்பதை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை தரையில் முட்டி போட்டபடி பார்த்துவிடுகிறது. ரோபோ பந்தயத்தின் உண்மையான லாபம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான்.

சரி, இங்கே ஏன் ஓடவில்லை?

வீட்டில் ஓடிய வண்டி அரங்கில் ஓடாததற்குப் பெரும்பாலும் புரோகிராம் காரணமில்லை. அரங்கு வேறு, அவ்வளவுதான்.

வீட்டில் வெள்ளை சார்ட் பேப்பரில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி ஓட்டிப் பார்த்திருப்பார்கள். போட்டியில் பாதை ஃப்ளெக்ஸ் பேனரில் அச்சடித்து வந்திருக்கும். ஃப்ளெக்ஸ் பளபளக்கும். அதில் கறுப்பு மையும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும். ‘இந்த எண்ணுக்குக் கீழே போனால் கறுப்பு’ என்று வீட்டில் எழுதி வைத்த எண் இங்கே செல்லாது.

ஜன்னல் திறந்திருந்தால் இன்னொரு சிக்கல். வெயிலில் அகச்சிவப்புக் கதிர் ஏராளம். காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி, பதினோரு மணிக்கு வெயில் பாதைமேல் விழுந்ததும் தடுமாறும். வீடியோ எடுக்க யாராவது பழைய ஹாலோஜன் விளக்கைப் போட்டாலும் இதே கதிதான்.

எல்லோரையும் ஏமாற்றுவது பேட்டரி. இரண்டு லித்தியம் செல்களை அடுத்தடுத்து இணைத்தால், முழு சார்ஜில் 8.4 வோல்ட் வரும். ஓட ஓட 7.4 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். ராத்திரி முழுக்க ஓட்டி, பாதி இறங்கிய பேட்டரியில் எண்களைக் கச்சிதமாகப் பொருத்தியிருப்பார்கள். காலையில் அக்கறையாக ஃபுல் சார்ஜ் போட்டுக் கொண்டு வருவார்கள். மோட்டார் நேற்றைவிட வேகமாகச் சுற்றும், எண்கள் பழைய வேகத்துக்கானவை. முதல் வளைவிலேயே வண்டி வெளியே. நன்றாகச் சார்ஜ் போட்டதால் தோற்பது என்பது ஒரு பிள்ளை வாழ்நாளில் மறக்காத பாடம்.

இவற்றையெல்லாம் எந்த வகுப்பிலும் கரும்பலகையில் எழுதிப் போட முடியாது, எழுதிப் போட்டாலும் மனதில் நிற்காது. “ஏன் ஓடல?” என்று பிள்ளையே தலையைச் சொறிந்து, பேட்டரியை மாற்றிப் பார்த்து, கையை நிழலாகப் பிடித்துப் பார்த்து, ஒன்றொன்றாகக் கழித்துக்கட்டி, கடைசியில் “ஆ... வெயிலு!” என்று கண்டுபிடிக்கும்போதுதான் அது நிற்கும்.

காலையில் வரும் புது விதி

போட்டிகளை வடிவமைத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பெரிய போட்டிகளின் விதிகளைப் படித்தால், பாதி விதிகள் ‘இதைச் செய்தது பிள்ளைதானா?’ என்று சோதிப்பதற்காகவே எழுதப்பட்டவை போல இருக்கும்.

2004-இல் சிங்கப்பூரில் முதல் சர்வதேசச் சுற்றை நடத்திய உலக ரோபோ ஒலிம்பியாடில் ‘திடீர் விதி’ என்று ஒன்று உண்டு. போட்டி நாளன்று காலையில், அதுவரை சொல்லாத ஒரு புதிய வேலையையோ மாற்றத்தையோ அறிவிப்பார்கள். அதற்கேற்ப அங்கேயே புரோகிராமை மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் பயிற்சியாளர் உள்ளே வர முடியாது. மனப்பாடம் செய்து வந்த ரோபோ அங்கே மாட்டிக்கொள்ளும். 2016-இல் இந்த ஒலிம்பியாடின் உலகச் சுற்று தில்லியை ஒட்டியே நடந்தது.

அதே அமைப்பு பெரிய மாணவர்களுக்குத் தானியங்கிக் கார் பந்தயம் ஒன்றும் நடத்துகிறது. மூன்று மீட்டர் சதுரக் களத்தில் குட்டிக் கார் தானாகவே மூன்று சுற்று வர வேண்டும். சிவப்புத் தூண் எதிர்ப்பட்டால் வலப்பக்கமாகவும், பச்சைத் தூண் எதிர்ப்பட்டால் இடப்பக்கமாகவும் ஒதுங்கிப் போக வேண்டும். எந்தத் திசையில் சுற்றுவது, தூண்கள் எங்கே என்பதெல்லாம் அன்றைக்குக் குலுக்கலில்தான் தெரியும். காரை எப்படிச் செய்தார்கள், புரோகிராமை எப்படி எழுதினார்கள் என்பதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் பொதுவில் போட்டாக வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு.

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் காமென் 1989-இல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பு இதில் இன்னும் ஒரு படி போகிறது. லெகோவுடன் சேர்ந்து அது நடத்தும் சிறுவர் போட்டியில் ரோபோ களத்தில் ஓடுவது வெறும் இரண்டரை நிமிடம். சாம்பியன் யார் என்று முடிவு செய்யும்போது அந்த ஓட்டத்துக்குக் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் ரோபோவை எப்படி வடிவமைத்தார்கள், ஒரு நிஜப் பிரச்சினைக்கு என்ன தீர்வு யோசித்தார்கள், குழுவாக எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு. நடுவர்கள் ஒரு அறையில் பிள்ளைகளோடு மட்டும் பேசுவார்கள். “இந்த கியரை ஏன் இங்க வச்சீங்க?” என்று கேட்டால், செய்த பிள்ளை விழுந்தடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசும். செய்யாத பிள்ளை சுவரைப் பார்க்கும்.

ஸ்க்ரூ டிரைவர் யார் கையில்?

நம் ஊரில் நிலைமை என்ன? ரோபாட்டிக்ஸ் இப்போது பரதநாட்டியம், அபாகஸ், கராத்தே வரிசையில் சேர்ந்துவிட்டது. சனி, ஞாயிறு வகுப்பு, கிட் விலை தனி, போட்டிக் கட்டணம் தனி. பல பள்ளிகளில் வெளி நிறுவனத்தோடு ஒப்பந்தம், ஆண்டுக் கட்டணத்திலேயே சேர்ந்து வந்துவிடும். வகுப்பு எடுப்பது தப்பில்லை. நல்ல பயிற்சியாளர் கிடைத்த பிள்ளைகள் அதிர்ஷ்டசாலிகள்.

ஆனால் பெற்றோர் காசு கட்டியிருக்கிறார்கள், பள்ளிக்கு விளம்பரப் பலகையில் போடப் படம் வேண்டும், பயிற்சி மையத்துக்கு அடுத்த ஆண்டு அட்மிஷன் வேண்டும். மூன்று பேருக்கும் தேவை கோப்பை. அது வேண்டுமானால் வண்டி ஓடியாக வேண்டும். வண்டி ஓட வேகமான வழி என்ன? பெரியவர் ஒருவர் லேப்டாப்பை வாங்கி நாலு எண்களை மாற்றிவிடுவது.

அதனால்தான் சில போட்டிகளில் ஒரே மாதிரி போர்டு, ஒரே மாதிரி சக்கரம், அட்சரம் பிசகாமல் ஒரே புரோகிராமோடு ஐந்தாறு வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்க முடிகிறது. வண்டி பாதையை விட்டு விலகியதும் பிள்ளைகளின் முகம் வண்டியைப் பார்ப்பதில்லை, பார்வையாளர் பக்கம் திரும்பி ‘சாரை’த் தேடுகிறது. அந்த ஒரு பார்வை போதும், எல்லாம் புரிந்துவிடும்.

உதவியே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பின் பெரிய மாணவர் போட்டியில் பொறியாளர்கள் பிள்ளைகளோடு பக்கத்தில் நின்று வேலை செய்வதையே ஊக்குவிக்கிறார்கள். சாலிடரிங் அயர்னைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும். லித்தியம் பேட்டரியில் வயரை மாற்றிக் கொடுத்தால் தீப்பிடிக்கும் என்று எச்சரிக்க ஒருவர் வேண்டும். “பேட்டரி எவ்வளவு வோல்ட் இருக்குன்னு பார்த்தியாம்மா?” என்று கேட்பது உதவி. “தள்ளு, நான் பார்த்துக்கறேன்” என்பது உதவியில்லை, அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே விஷயத்தைப் பிடுங்கிக்கொள்வது. அப்படி வாங்கிய கோப்பை ஷோகேஸில் இருக்கும். அடுத்த தடவை எது ஓடாமல் போனாலும் பிள்ளை யாரையாவது தேடித்தான் நிற்கும்.

பூட்டிய அறைக்குள் மோட்டார்

இது காசு கட்டக் கூடியவர்களின் பிரச்சினை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வேறு மாதிரிப் பிரச்சினை.

நிதி ஆயோக்கின் கீழ் 2016 முதல் ‘அடல் டிங்கரிங் லேப்’ திட்டம் நடக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிப்பவர்களுக்காகத் தேர்வான பள்ளி ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை. அதில் 10 லட்சம் லேப் அமைக்க, மீதி 10 லட்சம் ஐந்தாண்டு நடத்த. 3டி பிரிண்டர், சென்சார், மோட்டார் எல்லாம் வரும். நாடு முழுக்க சுமார் 10,000 லேப்கள் அமைந்துவிட்டன. 2025-26 மத்திய பட்ஜெட்டில், அடுத்த ஐந்தாண்டில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 லேப்கள் என்று அறிவித்தார்கள்.

எண்ணிக்கை நல்ல செய்திதான். ஆனால் ரோபோ என்பது உடைந்தால்தான் கற்றுக்கொடுக்கும் பொருள். மோட்டார் புகையும், போர்டு கருகும், சென்சார் கால் ஒடியும். அரசு அலுவலகத்தில் எந்தப் பொருளும் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிய நிமிடமே ‘பாதுகாக்க வேண்டிய பொருள்’ ஆகிவிடும். “கெட்டுப்போச்சுன்னா ஆடிட்ல யாரு பதில் சொல்றது?” என்ற பயம் ஓர் ஆசிரியருக்கு வந்துவிட்டால், அப்புறம் அந்த பீரோவின் சாவி அவரிடமே இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலையில் கணக்கு, மதியம் அறிவியல், நடுவில் எமிஸ் பதிவு என்று ஓடுகிறவர் அவர். கருகிய போர்டுக்குக் கையிலிருந்து காசு கட்ட வேண்டுமோ என்று யோசிப்பது இயல்புதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வண்டிக்குப் பெரிய செலவே கிடையாது. ஆர்டுயினோ வகை போர்டு, மோட்டார் டிரைவர், இரண்டு மஞ்சள் கியர் மோட்டார், நாலைந்து சென்சார், பேட்டரி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்று சுற்றினால் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அடிப்பலகைக்கு அட்டைப்பெட்டியே போதும். 3டி பிரிண்டர் அறையில் இருப்பதைவிட, ‘எரிந்துபோனால் பரவாயில்லை’ என்று கணக்கெழுதக்கூடிய பத்து மோட்டார்கள் பிள்ளைகள் கையில் இருப்பது அதிகப் பலன் தரும்.

800 டாலர் வண்டியும் எம்.ஐ.டி.யும்

காசு குறைவான குழு ஜெயிக்க முடியுமா என்று கேட்டால், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்து கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளியின் கதையைச் சொல்வார்கள். 2004-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் நீருக்கடி ரோபோ போட்டி. அந்தப் பள்ளியிலிருந்து நாலு பையன்கள், நால்வரும் மெக்சிகோவில் பிறந்து உரிய ஆவணமில்லாமல் அமெரிக்காவில் வாழ்ந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். பி.வி.சி. குழாயை ஒட்டி, சுமார் 800 டாலர் செலவில் ஒரு ரோபோ. ஒட்டும் பசையின் நாற்றத்தால் அதற்கு ‘ஸ்டிங்கி’ என்று பெயர். கல்லூரிகள் மோதும் பிரிவில் துணிந்து பெயர் கொடுத்தார்கள். எதிரே எம்.ஐ.டி.

போட்டிக்கு முன்பு எலெக்ட்ரானிக்ஸ் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. பையன்களில் ஒருவன் கடைக்கு ஓடி டாம்பன் வாங்கி வந்தான். ஈரத்தை உறிஞ்ச அதைப் பெட்டிக்குள் அடைத்தார்கள். எம்.ஐ.டி. இரண்டாம் இடம், இவர்கள் முதலிடம்.

இரண்டு ஆசிரியர்கள் அவர்களுக்குத் துணை நின்றார்கள். பையன்களே நிபுணர்களுக்குப் போன் போட்டுச் சந்தேகம் கேட்டார்கள். ஆனால் நடுவர்கள் அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டபோது பதில் சொன்னது பையன்கள்தான். எழுத்து அறிக்கைக்கான பரிசும் அவர்களுக்கே கிடைத்தது.

இந்தக் கதை 2015-இல் ஹாலிவுட் படமாக வந்தது. படம் ஜெயித்த இடத்தோடு முடியும். நிஜத்தில் அப்படி முடியவில்லை. நால்வரில் ஒருவரான ஆஸ்கர் வாஸ்கெஸ் பட்டம் வாங்கிய பிறகும் ஆவணச் சிக்கலால் மெக்சிகோவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று, முறையான விசாவோடு 2010-இல்தான் மறுபடி வர முடிந்தது. ரோபோ கோப்பை எல்லாக் கதவையும் திறந்துவிடாது. நம் ஊர் விளம்பரப் பலகைகள் ‘ரோபாட்டிக்ஸ் படித்தால் எதிர்காலம் உறுதி’ என்று அடிக்கும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

என்ன செய்யலாம்?

போட்டி நடத்துகிறவர்கள் நினைத்தால் அடுத்த மாதமே மாற்றக்கூடியவை சில உண்டு. பாதையின் கடைசி வடிவத்தைப் போட்டி நாள் காலையில் மட்டும் காட்டுங்கள். வண்டியைச் சரி செய்யும் மேஜைப் பக்கம் பெரியவர்கள் வராதபடி ஒரு கயிறு கட்டுங்கள். பயிற்சி ஓட்டத்துக்கு அரை மணி நேரம் தாராளமாகக் கொடுங்கள்; ஃப்ளெக்ஸும் வெயிலும் எல்லாப் பிள்ளைக்கும் அப்போதுதான் அறிமுகமாகும். வேகத்துக்குக் கொடுக்கும் பரிசுத் தொகையில் பாதியைக் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். எத்தனை முறை ஓடவில்லை, ஒவ்வொரு முறையும் எதை மாற்றினார்கள் என்று பிள்ளை தன் கையெழுத்தில், வேண்டுமானால் தப்பும் தவறுமான தமிழில், எழுதி வைத்த நோட்டு. எண்ணெய்க் கறையோடு இருந்தால் இன்னும் நல்லது.

அரசுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். புதிய 50,000 லேப்களுக்கான விதிகளில், உடையும் பொருள்களுக்கு என்று தனித் தொகை ஒதுக்கி, ‘மாணவர் பயன்பாட்டில் சேதமானது’ என்று தலைமையாசிரியர் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் கணக்கு முடிந்துவிடும் என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் நிறைய பீரோக்கள் திறக்கும்.

இதைப் போனில் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கு மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், புரோகிராமில் தப்பு எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதே பலருக்கு வேலை. படித்த பள்ளி பக்கத்திலேயே இருந்தால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை போய் உட்காரலாம். நிபந்தனை ஒன்று: கீபோர்டைத் தொடக் கூடாது. வண்டி கோட்டை விட்டு ஓடும்போது கை பரபரக்கும். “இப்ப என்ன மாத்தின? அதுக்கு முன்னாடி எப்படி ஓடுச்சு?” என்று கேட்டுவிட்டு, பிள்ளை பதில் சொல்லும் வரை சும்மா இருக்க வேண்டும். சில சமயம் அது இருபது நிமிடம்கூட ஆகும்.